பக்கத்து மெஷின் அக்கா

விடியற்காலையில் தாடிக்கொம்பு கடைத்தெருவில் நின்றால், சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மணியைவிட மில் வண்டிகளின் ஹாரன்தான் முதலில் கேட்கும். திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் சாலையில் வேனும் பஸ்ஸுமாக வந்து நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு, ஈரம் காயாத பின்னல் என்று பெண்கள் ஓட்டமும் நடையுமாக ஏறுகிறார்கள். வேடசந்தூர், வடமதுரை வரைக்கும் இந்தச் சமவெளி முழுக்க நூற்பாலைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும்தான். குடகனாற்றில் எப்போதாவதுதான் தண்ணீர் வருகிறது. பல வீடுகளில் மாதம் தவறாமல் வருவது மகள் கொண்டுவரும் சம்பளம் ஒன்றுதான்.

அந்தச் சம்பளம் நின்றுவிடும் என்ற பயம்தான் இந்தக் கட்டுரையில் பேசப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. சூப்பர்வைசர் பேசக்கூடாததைப் பேசுகிறார், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார் என்று வீட்டில் சொன்னால், "நாளையிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம்" என்பார்கள். ஆலையில் சொன்னால், மறுநாள் வேறு லைனுக்கு மாற்றுவார்கள், எட்ட முடியாத டார்கெட் கொடுப்பார்கள், கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் இழப்பு அவளுக்குத்தான். எனவே அவள் பேசாமல் இருக்கிறாள். பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொள்கிறான்.

2021 ஜனவரியில் அந்த மௌனத்தின் விலை என்ன என்பதை திண்டுக்கல் மாவட்டம் பார்த்தது. வேடசந்தூர் வட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் என்ற ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண், வேலைக்குப் போனவர், வீடு திரும்பவில்லை. சில நாட்களில் உடல்தான் கிடைத்தது. அதே ஆலையின் சூப்பர்வைசர் கொலை வழக்கில் கைதானார். அவர் பல மாதங்களாகத் தொந்தரவு கொடுத்துவந்ததை மகள் தன்னிடம் சொல்லியிருந்ததாகத் தாய் பிறகு வெளியுலகத்துக்குச் சொன்னார். அதாவது அந்தப் பெண் ஊமையாக இருந்துவிடவில்லை. சொல்லவேண்டிய ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்ட தாய்க்கு அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பதற்கு ஒரு வழி இல்லை. மேலதிகாரி ஒருவன் கெட்டவனாக இருந்தால், கூலிக்குப் போகும் பெண்ணின் தாய் யார் கதவைத் தட்டுவது?

இந்தப் பெண்ணின் பெயரை உலகப் பத்திரிகைகள் எழுதின. குடும்பமே அதை விரும்பி முன்வந்து பேசியது. ஆனாலும் இங்கே எழுதவில்லை. அவரைப் போல உயிரோடு இருந்து, வெளியே சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கும் ஒருவர் இதைப் படிக்கக்கூடும். பெயர் வெளிவராது என்ற உறுதிதான் அவருக்கு முதல் தைரியம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அபூர்வம். வழக்கமாக ஒரு சாவுக்குப் பிறகு மறியல் நடக்கும், நிவாரணக் காசோலை வரும், ஆறு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இங்கே தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் விடாப்பிடியாக நின்றது. டி.டி.சி.யு. என்று அழைக்கப்படும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். தலைவர் திவ்யா ராகினி. ஒருவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, அவனைப் பற்றிச் சொல்ல முடியாமல் வைத்திருந்த ஏற்பாடே மாற வேண்டும் என்று அவர்கள் பிடித்த பிடியில் குடும்பமும் சேர்ந்து நின்றது. ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பு இரண்டும் கைகோத்தன. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும், அதைத் தொடர்ந்து கேப், பி.வி.எச். நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. ஆலையிலும் அதோடு சேர்ந்த நூற்பாலைகளிலுமாக 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு அது பொருந்தும். உலகம் இன்று அதை 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று அழைக்கிறது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்போன ஊரின் பெயர் பெண் தொழிலாளர் பாதுகாப்புக்கும் அடையாளமானது இப்படித்தான். ஆடைத் தொழிலில் இதற்கு முன்னோடி என்று சொல்ல ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் 2019-ல் போடப்பட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஆசியாவில் இதுதான் முதல்.

அதில் இருக்கும் பல ஷரத்துகளில் ஒன்றைத்தான் நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். சுமார் 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், அதே லைனில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் இருந்தே கண்காணிப்பாளர்கள். சங்கம் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து அமர்த்தியவர்கள். அவர்களும் பீஸ் தைக்கிறார்கள், அவர்களுக்கும் டார்கெட் உண்டு. ஆனால் பக்கத்து மெஷினில் ஒரு பெண்ணின் முகம் வாடியிருந்தால், "என்ன புள்ள, என்னாச்சு?" என்று கேட்கும் உரிமையும், கேட்டதை நிர்வாகத்திடம் கொண்டுபோய் வைக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்கின்றன. புகார் சொன்னவரையோ எடுத்துச்சொன்னவரையோ பழிவாங்கக் கூடாது. நிர்வாகம் ஒழுங்காக விசாரிக்கவில்லை என்றால் வெளியில் இருக்கும் சுதந்திரமான விசாரணையாளரிடம் போகலாம். அந்த முடிவையும் ஆலை மதிக்கவில்லை என்றால், துணி வாங்கும் கம்பெனி தன் ஆர்டரிலேயே கைவைக்க வேண்டும். இந்தக் கடைசிக் கண்ணிதான் மற்ற எல்லாவற்றுக்கும் பல் கொடுக்கிறது.

முதல் ஆண்டில் 185 குறைகள் எழுப்பப்பட்டதாகவும், அவற்றில் 98 சதவீதம் தீர்க்கப்பட்டதாகவும் ஒப்பந்தத் தரப்புகள் அறிக்கை வெளியிட்டன. எல்லாமே பாலியல் புகார்கள் அல்ல. கத்தித் திட்டியது, வண்டி, தண்ணீர், வேலைப்பளு என்று பலவும் அதில் அடக்கம். அதைப் படித்து, "இதெல்லாம் சின்ன விஷயம்தானே" என்று யாராவது சொன்னால் அவர்கள் தையல் லைனைப் பார்த்ததில்லை என்று பொருள். பாத்ரூம் போவதற்கே சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில்தான், அந்த அனுமதிக்கு அவன் வேறு விலை கேட்கிறான். தண்ணீர் குடிக்கப் போனதற்காகத் திட்டு வாங்கியவள் அதை எதிர்த்து ஒருமுறை பேசி ஜெயித்துவிட்டால், அடுத்த முறை தோளில் கை விழும்போது அவளுக்குக் குரல் வரும்.

கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அமெரிக்க சுங்கத் துறை இதே ஆலையின் துணிகளுக்கு 2022 ஜூலையில் தடை போட்டது. செப்டம்பரில் அதை விலக்கிக்கொண்டது. நிலைமையைச் சீர்செய்ததில் இந்த ஒப்பந்தத்துக்கு முக்கியப் பங்கு உண்டு என்று சங்கம் சொல்கிறது. இத்தனைக்கும் இது ஒரு குழுமத்தின் கதை மட்டும்தான். விடியற்காலையில் தாடிக்கொம்பைக் கடந்துபோகும் மற்ற வண்டிகளில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற பக்கத்து மெஷின் அக்கா இல்லை. அந்த இடத்தில் ஒரு சிநேகிதி, அண்ணி, டீச்சர், ஆஷா பணியாளர், அல்லது இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான் இருக்க வேண்டியிருக்கும்.

அப்படி ஒருநாள் ஒரு பெண் உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்?

நம்மில் பலருக்கும் வாயில் முதலில் வருவது ஒரு கேள்வி: "ஏன் அப்பவே சொல்லல?" அடுத்தது, "அந்த நேரத்துல அங்க ஏன் போன?" இரண்டும் அக்கறையில் கேட்கப்படுபவைதான். ஆனால் கேட்கப்பட்டவளுக்கு அது விசாரணை. அவள் பல நாள் ஒத்திகை பார்த்துத் திறந்த வாய் அந்த நிமிடமே மூடிக்கொள்ளும். இன்னொரு தடவை திறக்க வருஷங்கள் ஆகலாம். "நான் நம்புறேன்", "உன் மேல தப்பில்ல", "நீ என்ன செய்யணும்னு நெனைக்கிறியோ, அதுக்கு நான் கூட வர்றேன்" — இவ்வளவு போதும். சம்பவத்தைத் துருவித்துருவிக் கேட்க வேண்டாம். அவள் அனுமதியில்லாமல் அடுத்தவரிடம் சொல்லவும் வேண்டாம். செய்தவன் பெரும்பாலும் தெரிந்தவன்தான். காவல் நிலையங்களில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை அப்படித்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்கிறது. மாமா, பக்கத்து வீட்டுக்காரர், காதலன், மேலதிகாரி. ஆகவே "அவரா? அவரு அப்படிப்பட்டவரு இல்லையே" என்ற சொல் வாய்வரை வந்தாலும் விழுங்கிவிடுங்கள்.

அடுத்து ஆஸ்பத்திரி. நம் ஊர்களில் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். முதலில் பஞ்சாயத்து, பிறகு ஸ்டேஷன், எல்லாம் முடிந்தபிறகு டாக்டர். இது தலைகீழாக இருக்க வேண்டும், ஏனென்றால் உடம்புக்கு ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடலில் இருந்து எடுக்கும் தடயங்கள் நான்கு நாட்கள் வரை கிடைக்கக்கூடும். குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் போவது நல்லது. துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் கோத்துக் கெட்டுவிடும், காகிதப் பையில் மடித்து எடுத்துப்போங்கள். குளித்துவிட்டாலும், நாட்கள் ஓடிவிட்டாலும்கூடப் போகத்தான் வேண்டும். சிகிச்சைக்குக் காலக்கெடு கிடையாது.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றுகூட இல்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தருவது அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லா மருத்துவமனைகளுக்கும் சட்டப்படியான கடமை. மறுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. "எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும், சொல்லியாக வேண்டும். ஆனால் வயது வந்த பெண் வழக்கு வேண்டாம் என்று தன் விருப்பத்தைப் பதிவுசெய்யலாம். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவள் சம்மதம் வேண்டும். ஒன்றுக்குச் சரி சொல்லி, மற்றொன்றுக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம். பெண்ணின் கற்பை அளக்கிறேன் என்று காலங்காலமாகச் செய்துவந்த இருவிரல் சோதனையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் கண்டித்து, தடைசெய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அப்படிச் சோதிப்பவர் தவறிழைத்தவராவார் என்று நாடு முழுமைக்கும் சொல்லிவிட்டது. உள்ளே துணைக்குப் போகும் பெண் இதைத் தெரிந்துவைத்திருந்தால் போதும், தயக்கமில்லாமல் தடுக்கலாம்.

ஸ்டேஷன் விஷயத்தில் நம் ஜனங்களின் முதல் தடுமாற்றம் எல்லைதான். சம்பவம் நடந்தது வேடசந்தூர், வீடு தாடிக்கொம்பு, எங்கே கொடுப்பது? எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வாங்கிப் பதிவுசெய்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயோ அவள் சொல்லும் இடத்திலேயோ, பெற்றோரையோ உறவினரையோ சமூகப் பணியாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பதியலாம். எஃப்.ஐ.ஆர். நகல் ஒன்றை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் போக்சோ சட்டம். அங்கே தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். பிள்ளையிடம் பேச வரும் பெண் அதிகாரி சீருடையில் வரக்கூடாது.

காவல்துறை இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறதா? பல இடங்களில் இல்லை. பல பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பொள்ளாச்சி வழக்கில் 2019-ல் ஒரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர் முன்னால் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த முதல் அடிக்குப் பிறகும் பெண்கள் பின்வாங்கவில்லை. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்து, 8 பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. ஆறு வருஷம் ஒரு சாட்சியும் பிறழாமல் நிற்க வேண்டுமானால், அந்த ஒவ்வொருவருக்கும் பின்னால் கூட நின்றவர்கள் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்தத் தீர்ப்பிலும் வருவதில்லை.

எதிர்ப்பக்கமும் நம் மாவட்டத்திலேயே உண்டு. வடமதுரைப் பக்கம் 2019-ல் ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் சிறுவயது மகள் கொல்லப்பட்ட வழக்கில், போதிய ஆதாரம் இல்லை என்று 2020 செப்டம்பரில் திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்தது. அக்டோபர் 9 அன்று தமிழ்நாடு முழுக்க முடிதிருத்தும் கடைகள் மூடிக்கிடந்தன. ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்து, முகம் தெரியாத ஒரு தகப்பனுக்காக அத்தனை ஊர்களில் கடையடைத்த அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

சமரசம் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. "அவனுக்கே கட்டி வெச்சுருவோம்" என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துகளின் பழைய தீர்ப்பு. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு நீதிபதி, கடலூர் மாவட்ட வழக்கில் குற்றவாளிக்கு ஜாமீன் கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசச் சொன்னார். அந்தப் பெண் முடியாது என்றார். இத்தகைய வழக்கில் சமரசம் என்பதே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னபிறகு, நீதிபதி தன் உத்தரவைத் திரும்பப் பெற்றார். உயர் நீதிமன்றத்தையே மறுத்துப் பேச ஒரு ஏழைப் பெண்ணால் முடிந்தது. ஊர்ப் பெரியவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது மறுக்க முடியாதா?

காசு பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகிறது, பஸ் காசு போகிறது. வழக்குகள் பாதியில் விழுவதற்கு இதுவும் காரணம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்க வேண்டும், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இழப்பீட்டுக்கும் அங்கேதான் மனு. பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சத்தில் இருந்து 7 லட்சம் வரை 2018-ம் ஆண்டுத் திட்டம் சொல்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இடைக்கால உதவி கேட்கலாம். பட்டியல் இனத்துப் பெண் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நிவாரணம் தனி. அதில் ஒரு பகுதி மருத்துவப் பரிசோதனை முடிந்ததுமே வரவேண்டும். எஃப்.ஐ.ஆரில் அந்தச் சட்டத்தின் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கவே முடியாத நிலை என்றால் 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடுவார்கள். மருத்துவம், ஆலோசனை, வக்கீல், காவல்துறை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு, சில நாள் தங்க இடமும் உண்டு. அடிக்கும் புருஷனிடம் இருந்து பிள்ளைகளோடு ஓடிவரும் பெண்ணுக்கும் அதே கதவுதான். பிள்ளைகளுக்கு 1098. ஆபத்தான நிமிடத்தில் 112.

இனி வேலையிடம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்புகார் குழு இருக்க வேண்டும் என்று வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தலைவர் பெண், பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர் கட்டாயம். பல ஆலைகளில் அந்தக் குழு சுவரில் ஒட்டிய பெயர்ப்பட்டியலாக மட்டும் இருக்கிறது. அதில் இருக்கும் பெண்ணுக்கே தான் உறுப்பினர் என்பது தெரியாமல் இருப்பதும் உண்டு. சங்கம் இல்லாத ஆலையில் அந்தக் குழுவுக்கு உயிர் வருவதில்லை என்பது என் கருத்து. திண்டுக்கல் ஒப்பந்தம் காட்டியதும் அதைத்தான்.

ஆனால் பூந்தோட்டத்தில் மல்லிகை பறிக்கிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து தைக்கும் சின்னக் கடையில் இருப்பவர் எல்லாம் எங்கே போவது? அவர்களுக்காக ஆட்சியரின் கீழ் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு ஒன்று உண்டு. முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான். புகாரை வாங்கி ஏழு நாளுக்குள் அந்தக் குழுவுக்கு அனுப்ப, வட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் ஒரு பொறுப்பு அதிகாரி நியமிக்கப்பட வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவும், வேறு இடத்துக்கு மாற்றவும் குழு பரிந்துரைக்கலாம். நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகார் சொன்னவளைத் தண்டிக்க முடியாது. புகார் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் நேரில் வந்து வாயால் சொன்னால், அதை எழுத்தில் வடிக்க உதவ வேண்டியது குழுவின் கடமை என்று சட்டத்தின் 9-வது பிரிவு சொல்கிறது.